நரகத்தின் நாய்க்குட்டிகளும் மூன்றாம் நம்பர் மெஷினும்

எங்கள் அப்பா கண்மை பூசிக்கொண்டு ஒரு சுவரொட்டியில் நின்றதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அது அம்மாவின் கண்மை. சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது ஜெபக்கூடத்துக்கு நேர் எதிர்ச் சுவரில். ஒட்டியவனைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தெருவில் காலியாக இருந்த சுவர் அது ஒன்றுதான்.

அப்பாவும் அம்மாவும் சலவைக் கடை நடத்துகிறார்கள். கடை கீழே, வீடு மேலே. துணி மடிப்பது என் வேலை. வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், கடையின் பின்பக்கம் தேய்த்து வைத்த துணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அப்பா டிரம்ஸ் வாசிப்பார். பஸ் ஓட்டும் டிரைவர் மாமா கிட்டாரோடு வருவார். குழுவில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாவதாக இருந்தவர் முதுகுவலி என்று நின்றுவிட்டார். இரண்டு பேரும் வாசிப்பது ராக் இசை. குழுவின் பெயர் 'நரகத்தின் நாய்க்குட்டிகள்'.

ஏன் இப்படி ஒரு பெயர் என்று ஒருமுறை அம்மா கேட்டாள். நாய்கள் என்று வைத்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், அதனால்தான் குட்டி என்று போட்டோம் என்றார் அப்பா. பெரிய டிரம்மின் முகத்தில் அந்தப் பெயர் சிவப்புப் பெயின்டில் இருக்கும். கீழே டிரைவர் மாமா கையால் வரைந்த நாய்க்குட்டி. மாமாவுக்கு பஸ் நன்றாக ஓட்ட வரும், படம் வராது. அது அசப்பில் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும்.

அம்மா ஜெபக்கூடத்தில் பாடகர் குழுத் தலைவி. வாரம் முழுக்க அடுத்தவர்கள் சட்டையில் சிந்திய குழம்போடு மல்லுக்கட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளை அங்கியில் நின்று வலது கையைத் தூக்கினால் கூடமே வாயைத் திறக்கும். அந்தக் கையை ஒருமுறை தூக்குவதற்காகத்தான் அம்மா மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

சுவரொட்டியைப் பார்த்த அந்த வாரமே போதகர் ராக் இசையைப் பற்றிப் பேசினார். அவர் ஊருக்குப் புதிது. நல்ல மனிதர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரியது. நல்ல பாட்டு காது வழியாக வந்து, மனதிடம் அனுமதி கேட்டு, அதன்பிறகுதான் உடம்புக்குப் போகும் என்றார். ராக் அப்படியில்லை. அது நேராகக் கால் வழியாக ஏறுகிறது. நாம் உத்தரவு கொடுக்காமலே கால் ஆடுகிறது. காலிங் பெல் அடித்துவிட்டு வருகிறவன் விருந்தாளி, பின்பக்கச் சுவரேறிக் குதிக்கிறவன் யார் என்று கேட்டுவிட்டு, ஜன்னல் வழியே எதிர்ச் சுவரைப் பார்த்தார். எல்லோரும் திரும்பி அப்பாவின் கண்மையைப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அம்மாவைத் தனியாக அழைத்தார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அந்த டிரம் இருக்கும் வீட்டிலிருந்து வந்து ஒருவர் பாட்டை நடத்துவது சரியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று டிரம் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் கையைத் தூக்க வேறொருவரைப் பார்க்க வேண்டும். வேறொருவர் என்றால் தையல் அக்கா. பாடகர் குழுவின் அங்கிகளைத் தைப்பவர் அவர்தான். தலைவியின் அங்கியைத் தைக்கும்போதெல்லாம் தன் அளவுக்கே தைத்துவிட்டுப் பிறகு பிடித்துக்கொடுப்பார்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பாடு தட்டிலேயே ஆறியது.

"உத்தரவு இல்லாம வர்றதெல்லாம் கெட்டதுன்னா, விக்கல் என்ன கேட்டுக்கிட்டா வருது?" என்றார் அப்பா.

"விக்கலுக்கு யாரும் கண்மை பூசிக்கிட்டு மேடை ஏறுறதில்ல" என்றாள் அம்மா.

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. கீழே இறங்கிப் போய் மூன்றாம் நம்பர் மெஷினைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றாள். மனசு சரியில்லையென்றால் அவள் போய் நிற்கும் இடம் அதுதான். அந்த மெஷினுக்கு ஒரு கால் குட்டை. அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறோம். பின்னால் தண்ணீர்க் குழாயும் லேசாகக் கசியும். சரிபண்ணிவிடுகிறேன் என்று அப்பா எத்தனையோ தடவை ஸ்பேனரோடு வந்திருக்கிறார். அம்மா விடமாட்டாள். அது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, உங்களுக்கென்ன என்பாள்.

அம்மா அப்படி நிற்பதை அப்பா மாடிப்படியிலிருந்து பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போதகர் வீட்டுக்குப் போனார். கால் ஆடினால் கெட்டது என்கிறீர்கள், வந்து ஆடுகிறதா என்று பாருங்கள், ஆடினால் டிரம்மை நானே தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றாராம். போதகருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருஷமாகப் பேசுகிறேன் பிரதர், பரீட்சை பண்ணிப் பார்க்கலாம் என்று இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். போதகர், தையல் அக்கா, ஜெபக்கூடத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கண்ணாடிக்காரர் கையில் பூதக்கண்ணாடி இருந்தது. மூன்று பேரும் செருப்பைக் கழற்றி, கடைக்குள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைப் பவுடர் தூவிய தரையில் வைக்க வேண்டும். கால் அசைந்தால் பவுடர் காட்டிக்கொடுக்கும். இது போதகரின் ஏற்பாடு. ஆனால் அவர் கொண்டுவந்த முகப்பவுடர் டப்பா கண்ணாடிக்காரரின் ஒரு காலுக்கே சரியாகப் போயிற்று. மீதிக்கு அம்மா சோப்புத்தூளைத் தூவினாள். கஞ்சத்தனம் பண்ணவில்லை.

அதே நேரத்தில் அம்மா என்னிடம், மறுநாளைக்கான அங்கிகளை மெஷினில் போடு என்று ரகசியமாகச் சொன்னாள். நாளைக்கு யார் கையைத் தூக்கினாலும் அங்கி வெள்ளையாக இருக்க வேண்டும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது. மற்ற மெஷின்களில் எல்லாம் துணி ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்றாம் நம்பரில் போட்டேன்.

அப்பா அன்று வாசித்ததை நான் மறக்க மாட்டேன். முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, கழுத்து நரம்பு புடைத்து, கையில் இருந்த குச்சிகள் பறந்தன. டிரைவர் மாமா ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக் கிட்டார் வாசித்தார். பிறகு அந்தக் காலை இறக்க முடியாமல் கடைசிவரை அப்படியே நின்றார். அம்மா மூலையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஆறு கால்களும் ஆடாமல் இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக்காரர் குனிந்து பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். தையல் அக்காவின் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு. கொசு என்றார் அக்கா. அது ஒப்புக்கொள்ளப்பட்டது.

"அசையல" என்றார் போதகர். அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் நேர்மையான மனிதர். "இதுல கெடுதல் ஒண்ணும் இல்ல. டிரம் இருக்கட்டும் பிரதர்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. டீ போட ஓடினாள். கால்களை எடுத்துவிடலாமா என்று கண்ணாடிக்காரர் கேட்பதற்குள் மூன்று பேர் கையிலும் சூடான டீ டம்ளர் வந்துவிட்டது. யாராலும் எழுந்திருக்க முடியவில்லை.

அப்பாவின் முகம்தான் செத்துப்போயிருந்தது.

"ஐயா, நிஜமாவே ஒண்ணும் இல்லையா?" என்றார். "கொஞ்சம்கூடவா?"

"சத்தியமா இல்ல பிரதர். நீங்க வாசிக்கிறப்ப, கூடத்துல ஜன்னலைச் சாத்திட்டு வந்தேனா இல்லையான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"நான் பஸ்ஸுல சும்மா பிரேக் போட்டாக்கூட எல்லாரும் ஒரு ஆட்டம் ஆடுவாங்களே" என்றார் டிரைவர் மாமா, காலைக் கையால் பிடித்து இறக்கிக்கொண்டே.

அப்பா குச்சிகளை எடுத்தார். "இன்னொரு பாட்டு இருக்கு ஐயா. அது ரொம்பக் கெட்டது. அதை ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க."

"நீங்க வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிங்க" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாம் நம்பர் மெஷின் துணி பிழியத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல். பிறகு குட்டைக் கால் தரையைத் தொட்டது. தடக். நின்றது. தடக், தட்டத் தடக். அங்கிகள் ஈரத்தோடு ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டுவிட்டால் அது இப்படித்தான். தடக், தட்டத் தடக். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பின்பக்கக் குழாயிலிருந்து வழக்கம்போலக் கசிந்த தண்ணீர் சாவகாசமாக நாற்காலிகளை நோக்கி ஊர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

நான்தான் முதலில் பார்த்தேன். தையல் அக்காவின் குதிகால் எழும்பி எழும்பி இறங்கியது. அடுத்தது கண்ணாடிக்காரரின் இடதுகால். போதகர் இரண்டு கால்களாலும் தட்டினார், அதுவும் கச்சிதமாக. தண்ணீர் சோப்புத்தூளைத் தொட்டது. ஆறு கால்கள் அதை அடித்துக் கலக்கின. நுரை பொங்கி விரல்களை மூடியது, கணுக்காலை மூடியது, பிறகு தையல் அக்காவின் புடவைக் கரையைத் தேடிப்போனது. அவர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தலையை நிமிர்த்தினார். மெஷினைப் பார்த்தார். அது இடைவெளி விடும் இடத்தில் டிரம்மில் ஒரு சின்ன அடி கொடுத்தார். மெஷின் பதில் சொன்னது. இன்னொன்று கொடுத்தார். டிரைவர் மாமாவின் கிட்டாரும் பூனை மாதிரி மெதுவாக உள்ளே வந்தது. மூலையில் நின்ற அம்மா தன்னை மறந்தாள். ஞாயிற்றுக்கிழமை முதலில் பாடும் பாட்டு அவள் வாயிலிருந்து வந்தது. வலது கை தானாக மேலே போனது.

கை போனதும் பழக்கதோஷம், மூன்று பேரும் வாயைத் திறந்தார்கள். கணுக்கால் வரைக்கும் நுரையில் நின்றும் உட்கார்ந்தும், நரகத்தின் நாய்க்குட்டிகள் வாசிக்க, ஜெபக்கூடத்துப் பாட்டு முழுசாக, ஒரு சரணம்கூட விடாமல் பாடி முடிக்கப்பட்டது. போதகர் கடைசி வரியில் டீ டம்ளரை உயர்த்தினார்.

மெஷின் நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

கண்ணாடிக்காரருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"சிஸ்டர்" என்றார் போதகர் மெதுவாக. "இந்தத் தாளம் என் காலுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கையை இறக்கினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சமாளித்திருக்கலாம், தற்செயல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லவில்லை.

"எல்லாப் பாட்டையும் இங்க நின்னுதான் ஐயா பழகுவேன். இது சுத்துனாத்தான் எனக்குப் பாட்டே வரும். கூடத்துல நம்ம பாடுறது எல்லாம் இதோட தாளம்தான்."

ஸ்பேனரோடு வந்த தன்னை அவள் ஏன் விரட்டினாள் என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. என்னைப் பார்த்தார்.

"அப்படின்னா இந்த மெஷினும் கெட்டது" என்றார் தையல் அக்கா. "அதுகிட்டக் கத்துக்கிட்டவங்க கையைத் தூக்குறது சரியா வருமா ஐயா?"

போதகர் மெஷினைப் பார்த்தார். அதன் கண்ணாடிக் கதவில் அவருடைய அங்கியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு கை உள்ளேயிருந்து எங்களுக்கு ஆசீர்வாதம் கொடுப்பதுபோல இருந்தது.

"அக்கா, உங்க பக்கம்தான் நுரை ஜாஸ்தி" என்றார் கண்ணாடிக்காரர்.

"நாள் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்கிற கால். அது தொழில் பழக்கம்."

"எனக்கு என்ன தொழில் பழக்கம்?" என்றார் போதகர். நுரையிலிருந்து ஒரு காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார். "கால் ஆடுச்சு, மறைக்க முடியாது. ஆனா ஒண்ணு பாருங்க சிஸ்டர். பிரதர் வாசிச்சப்ப காலு சும்மா இருந்துச்சு, மனசு ஜன்னலுக்குப் போயிடுச்சு. இப்போ காலு ஆடுச்சு, மனசு பாட்டுலயே நின்னுச்சு. அந்த ஜன்னல் ஞாபகமே வரல. நான் சொன்ன கணக்குல எங்கேயோ இடிக்குது. அது புரியிற வரைக்கும் கையை நீங்களே தூக்குங்க."

அம்மா அங்கிகளை எடுக்கிற சாக்கில் மெஷினுக்குள் தலையை விட்டு அழுதாள்.

போகும்போது போதகர் இரண்டு காரியம் சொன்னார். எதிர்ச் சுவரில் இருக்கும் சுவரொட்டியை எடுத்துவிட வேண்டும். டிரம்மில் இருந்து 'நரகத்தின்' என்ற சொல்லை அழித்துவிட வேண்டும். அப்பா ஒரு கணம் முறுக்கினார். அம்மா பார்த்த பார்வையில் சரி என்றார். போதகர் குனிந்து டிரம்மின் முகத்தைக் கவனித்தார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆட்டுக்குட்டிதானே?"

டிரைவர் மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"ஆமாங்க ஐயா" என்றார் மாமா.

மறுநாள் அம்மா கையைத் தூக்கினாள். கூடம் வாயைத் திறந்தது. போதகர் நிற்கும் மேடைக்கு முன்னால் இடுப்புயரத்துக்குப் பலகை அடித்திருப்பதால் அவர் கால் யாருக்கும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வாரத்துக்குள் அந்த இடத்துக்கு ஒரு தடிமனான மெத்தைவிரிப்பு வந்துவிட்டது. தைத்துக் கொடுத்தது தையல் அக்கா.

அப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு சலவை மெஷினிடம் தோற்றுப்போனதாகப் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் டிரைவர் மாமா சொல்லிவிட்டாராம். அப்பா டிரம்ஸைப் பின்பக்கத்திலிருந்து நகர்த்தி மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதன் குட்டைக் காலுக்கு அடியில் இருந்த அட்டை நுரையில் ஊறி நைந்துபோயிருந்தது. புதிதாக ஏதாவது வைக்க வேண்டும். தாளம் மாறிவிடக் கூடாது என்று அம்மா பக்கத்திலேயே நின்று, இன்னும் ஒரு மடிப்பு, வேண்டாம், பிரிங்க, அவ்வளவுதான் என்று சொல்லச் சொல்ல, அப்பா எதிர்ச் சுவரிலிருந்து உரித்து வந்த சுவரொட்டியை மடித்துச் செருகினார்.

இப்போது மெஷினுக்கு அடியிலிருந்து அப்பாவின் ஒரு கண் மட்டும் கண்மையோடு வெளியே தெரிகிறது. மெஷின் துணி பிழியும்போது அது எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறது.