அப்பனின் மணிக்கட்டு

ரொட்டிக்கடை அடுப்படியில் அவனை எல்லோரும் 'மணிக்கட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். மாவு மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டிப் போடுகிறவன். கைக்குழந்தையாக இருந்த மகளுக்கும் மணிக்கட்டு தடிக்கத் தொடங்கியதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் ரத்தம்டா! இப்பவே மாவு பிசையுற கை!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். "எங்கே, கையைக் காட்டு" என்றால் இரண்டு கையையும் நீட்டவும் பழக்கிவிட்டான். அப்பன்மாரின் பெருமைக்குக் கண் இருந்தால்தானே!

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அந்தக் கடையில்தான் ராத்திரி வேலை. குழந்தையையும் கூடவே தூக்கிப் போவார்கள். விடிந்து வீடு வந்து, ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில் மூவரும் படுத்தால் பொழுது சாய்ந்துதான் எழுவார்கள். குழந்தை சிணுங்கக்கூடச் சிணுங்காது. அவ்வளவு சமத்து என்று பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தை வழித்து முத்தமிடுவாள்.

பிறந்தபோது, தினமும் புகட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு புட்டி சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். குழந்தை அதைத் துப்பியது. "தாய்ப்பாலுக்கு மேல என்ன மருந்து? விட்டுத் தள்ளு" என்றான் இவன். அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு வயது தாண்டியும் மகள் நிற்கவில்லை. பிடித்து நிறுத்தினால் கால்கள் வெளிப்பக்கமாக வளைந்தன. அப்போதுதான் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"எங்கே, கையைக் காட்டு" என்றார் அவர். குழந்தை வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டியது. அவர் மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இந்த வீக்கம் எப்பலேர்ந்து?"

"வீக்கமில்லீங்க, அது வந்து... என்னை மாதிரி" என்றான் அவன்.

"இது சதையில்லப்பா. எலும்பு கெட்டிப்படாம நுனி அகண்டு போயிருக்கு. ரிக்கெட்ஸ்."

"என் பால்ல சத்து இல்லையாம்மா?" என்று மனைவி உடைந்து அழுதாள்.

"பால் நல்ல பால்தான்மா. அதுல வைட்டமின் டி மட்டும் ரொம்பக் கம்மி. வெயிலே படலேன்னா உங்க உடம்புலயும் இருக்காது. அதுக்குத்தான் அந்தச் சொட்டு மருந்து. இப்ப மருந்து ஆரம்பிச்சா எலும்பு கெட்டிப்படும். கால் நிமிர நாளாகும். முழுசா நிமிருமான்னு போகப் போகத்தான் தெரியும்."

வெளியே வந்தார்கள். நல்ல வெயில். குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

"நான்தான் மருந்தை விடச் சொன்னேன்" என்றான். தன் கைகளை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவனுக்கு.

"நானும் சரின்னுதானே சொன்னேன்" என்றாள் அவள். கொஞ்ச தூரம் நடந்து நின்றாள். "என்னங்க, அழவே மாட்டேங்குதுன்னு எத்தனை சந்தோஷப்பட்டோம். பாவம், அழக்கூட தெம்பில்லாமதான் கிடந்திருக்கு."