தங்க நிற ஹெட்போன்

ஒலிப்பதிவுக் கூடத்தில் இசையமைப்பாளர் தன் கம்பியில்லாத தங்க நிற ஹெட்போனை வயலின்காரியின் தலையில் கிரீடம்போல் சூட்டியிருந்தார். ஆனால் கணினித் தாளத்துக்கு அவள் வாசித்ததெல்லாம் ஒரு நூல் பிந்தியே பதிவானது.

“இன்னொரு தடவை பிந்தினா வேற ஆளைக் கூப்பிட்டுக்குவேன்மா. எனக்குப் பாம்புக் காது!”

அவள் மறுபடி வில்லை எடுத்தாள். ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த அவருடைய மைத்துனன் அந்த ஹெட்போனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கணினிப் பக்கம் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்தது. மைத்துனன் பாய்ந்து வந்து கம்பி வைத்த பழையதை மாட்டிவிட்டான். “அதுல கம்பி இல்லாததால தாளமே உங்க காதுக்கு லேட்டாத்தான் வந்துச்சு. மச்சான்கிட்ட யாரு சொல்றது?” என்று முணுமுணுத்தான்.

அவள் வாசித்தாள். வில் தாளத்தின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

இசையமைப்பாளர் மீசையைத் தடவினார். “பாத்தியாடா? ஒரே அதட்டல்!”