ஒரு நாளைக்கு மட்டும் ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டு ஷெட்டில் இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்த ஃபிரிட்ஜை, ஒரு நாளைக்கு மட்டும் தரும்படி குப்பம்மா கேட்டாள். நான் எதற்கு என்று கேட்கவில்லை. மீனை ஐஸ் போட்டு மூடி வைக்கப் போகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பதினான்கு வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு அதற்கு மேல் புத்தி ஓடவில்லை.

குப்பம்மா காசிமேட்டில் மீனை ஏலம் எடுத்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சேலையூர் கேம்ப் ரோட்டில் விற்பவள். கானத்தூர் குப்பத்து மீன்காரிகள் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழுவுக்கு அவள்தான் தலைவி. அது 2009 மே மாதம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். மீன் வராது, வந்தாலும் விலை கிட்டே நெருங்க விடாது. குழு வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் ஐந்தாம் தேதி டாணென்று வந்து நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வளர்ச்சி வங்கி குப்பத்துக்கு வரப்போவதாகத் தகவல் வந்தது. ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பெரிய வங்கி. விளைபொருள் விலை சரிந்தாலோ புயல் அடித்தாலோ, அந்த வருடம் தவணையை நிறுத்திவைத்து, மேற்கொண்டு கைக்கும் கொஞ்சம் கொடுப்பது அதன் புதுத் திட்டம். அதையே சின்ன அளவில் ஒரு மீன்காரிகள் குழுவுக்கும் செய்து பார்க்க நினைத்தார்கள். ஒரே ஒரு குழுவுக்குத்தான். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உங்கள் கஷ்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள்" என்று குப்பம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் பேங்க்காரன் முன்னால் கஷ்டம் என்று வாய் திறந்தால் கடன் கிடைக்காது என்பது அவளுடைய இருபது வருட அனுபவம். அதற்கு முன்னால் என் பேச்சு எம்மாத்திரம்?

வங்கி அதிகாரி ஹேமநாத் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூடவே கிளாரா என்ற பெண்மணி. ஜாதிக்காய் விற்றுப் பிழைக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டின் நிதி அமைச்சக அதிகாரி. அவர்கள் நாடும் இதே திட்டத்துக்கு மனு போட்டிருந்ததால், எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்.

குப்பம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு பேரும் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் கவரிங் நகை மின்னியது. நடு வீட்டில் எங்கள் ஃபிரிட்ஜ்! என் மகள் ஒட்டிய சிலுவை ஸ்டிக்கருக்கு மேலே சந்தனப் பொட்டு வைத்து, பூவும் சாத்தியிருந்தார்கள்.

"தடைக்காலத்தில் வருமானம் எவ்வளவு குறையும்?" என்று ஹேமநாத் கேட்டார்.

"கொறையறதா? எங்களுக்கா? எல்லாம் நல்லாத்தான் கீது சார்" என்றாள் குப்பம்மா.

"தவணை கட்டக் கஷ்டம் இல்லையா?"

"டைமுக்குக் கட்டிக்கினு கீறோம். வேணும்னா இன்னும் ரெண்டு லட்சம் குடு, அதையும் கட்டுவோம்."

நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், காலால் சீண்டிக்கூடப் பார்த்தேன். அவள் அசையவில்லை. ஹேமநாத் தாளில் 'பாதிப்பு இல்லை' என்று எழுதினார். அவ்வளவுதான், திட்டம் வேறு குழுவுக்குப் போயிற்று. எழுந்து போவதற்கு முன் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டபடி ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டார்.

உள்ளே விளக்கு எரியவில்லை. குளிரும் இல்லை. அன்னக்கூடைகளும் தராசும் திணிக்கப்பட்டிருந்தன. மேல் தட்டில் ரப்பர் பேண்டு போட்ட கட்டு ஒன்று. ஹேமநாத் அதை என்னிடம் நீட்ட, அடகுக்கடைச் சீட்டுகள் என்று படித்துச் சொன்னேன். கம்மல், வெள்ளிக் கொலுசு, பித்தளை அண்டா என்று பன்னிரண்டு வீட்டுச் சாமான்களும் அந்தச் சீட்டுகளில் எழுதியிருந்தன.

பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிளாரா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் காதருகில் குனிந்து, "வங்கிக்காரர்கள் வந்தால் நாங்களும் துறைமுகத்துக்கு வெள்ளை அடிப்போம்" என்றார் ஆங்கிலத்தில்.

"ஏன் மறைத்தீர்கள்?" என்று ஹேமநாத் கேட்டார்.

"இல்லாதவன்னு தெரிஞ்சா யாரு சார் குடுப்பா?" குப்பம்மா சீட்டுக் கட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வர்ற அஞ்சாம் தேதிக்கு அடகு வெக்க இனிமே ஒண்ணும் இல்ல. இந்தப் புடவைகூட எரவல்தான்."

ஹேமநாத் பழைய தாளைக் கிழித்தார். புதுத் தாளில் ஒவ்வொரு மாத வருமானமாகக் கேட்டு எழுதினார். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச, மொழிபெயர்த்ததில் எனக்குத் தொண்டை வறண்டது. கடைசியில், "இந்தக் குழுவுக்கே கொடுக்கலாம்" என்றார். ஒருத்தி பூ சாத்திய ஃபிரிட்ஜைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பேனாவை மூடிக்கொண்டே அவர் கிளாரா பக்கம் திரும்பினார். "உங்கள் அமைச்சகம் அனுப்பிய கணக்கில் இந்த வருடம் வருமானம் குறையவே இல்லை என்று இருந்ததே?" சாதாரணமாகத்தான் கேட்டார்.

கிளாராவின் சிரிப்பு நின்றது. வாசல் வழியே தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அந்தம்மாவ இன்னா கேக்குறாரு?" என்றாள் குப்பம்மா. சொன்னேன். அவள் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கிளாராவின் கையில் கொடுத்தாள். "நான் சொல்லிட்டேன், தலையா போயிடுச்சு? நீயும் சொல்லிடும்மா."

அதை மொழிபெயர்த்தேன். கிளாரா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமலே, "ஜாதிக்காய் விலை பாதியாகிவிட்டது" என்றார் ஹேமநாத்திடம். "பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் போடவில்லை. கணக்கில் எழுதப் பயமாக இருந்தது."

ஹேமநாத் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். கிளாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு பேருக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார்.

குப்பம்மா நகர்ந்து இடம் விட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு ஃபிரிட்ஜ் எரவல் குடுத்தது யாருன்னு கேளு மேடம்" என்றாள்.