வாடைக்காற்று எடுத்த ஒப்பந்தம்

சிப்பித்துறைத் தெருக்களைக் கூட்டும் ஒப்பந்தத்தை ஆகக் குறைந்த விலை போட்டு வாடைக்காற்று எடுத்தது. அரசிடம் காசில்லை, துப்புரவை வெளியாருக்குக் கொடுங்கள் என்று மேலிடம் சொல்லியிருந்த வருடம் அது. பக்கத்து ஊரான முருங்கனிலிருந்து ஒரு கொம்பனி லொறிக்கும் ஆட்களுக்கும் சேர்த்து விலை போட்டிருந்தது. காற்றுக்கு இரண்டும் தேவையில்லை. பிரதேச சபைத் தவிசாளர் மில்ரன் ஒப்பமிட்டார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பேச்சியம்மா அதுவரை தற்காலிகமாகத் தெருக் கூட்டியவர். நிரந்தர நியமனம் வர இருந்த நேரத்தில் நிறுத்தப்பட்டார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. மகள் விஜிதாவின் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்கழியில் தெரு கழுவிக் கவிழ்த்த கோப்பைபோலக் கிடந்தது. குப்பையெல்லாம் கடலுக்குப் போயிற்று. செலவைக் குறைத்ததற்காகச் சபைக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். வைகாசியில் எதிர்த்திசைச் சோளகக் காற்று எழும்பி, போனதையெல்லாம் கோயில் வாசல்வரை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. வாடை அந்த மாதங்களில் ஊரிலேயே இல்லை. ஆனாலும் மாதாமாதம் சபைக் கந்தோர் யன்னலில் பணம் வைக்கப்பட்டது, அது பறந்து போனது. முறைப்பாடு வந்தால்தான் நிறுத்தலாம் என்பது ஒப்பந்தம். தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி முதல் வலை இழுப்பவர்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடலுக்குப் போகிற வீடுகளில் காற்றைக் குறை சொல்வதில்லை. சொன்னால் அது தோணியை நினைவில் வைத்துக்கொள்ளும். மக்கள் திருப்தி என்று எழுதி, சபை ஒப்பந்தத்தை நீட்டியது. வெட்கங்கெட்ட வேலைதான், வேறென்ன சொல்ல.

பேச்சியம்மாவுக்குத் தோணி இல்லை. அவர் நேரே கந்தோருக்குப் போனார்.

"ஐயா, காத்து வேலை பாக்கலைங்க. தெருவோரக் கானுக்குள்ள சாக்கடைத் தண்ணியில புழு நெளியுது. எழுதிக்கங்க."

மில்ரன் எழுந்து யன்னலைச் சாத்தினார். "மெல்லக் கதையுங்கோ அம்மா, சோளகம் போய்ச் சொல்லிப்போடும். என்ர தம்பி கடலில நிக்கிறான்."

"அப்ப என் பொழப்பு?"

மில்ரனுக்கு மனம் சுட்டது. முறைப்பாட்டை எழுதினார், வாடை திரும்பும் ஐப்பசி வரும்வரை பொறுத்து, யன்னலைத் திறந்து ஒப்பந்தக்காரரிடம் அனுப்பினார்.

வாடை குறையை மறுக்கவில்லை, ஆள் வைத்தது. அந்த ஆள் பேச்சியம்மா. அதே தெரு, அதே விளக்குமாறு, பாதிச் சம்பளம். முதலாளிக்கு முகவரி இல்லாதபடியால் சேமலாப நிதியும் இல்லை. மாதக் கடைசியில் நோட்டுகள் அவர் கதவடியில் வந்து படிந்தன, சில ஈரமாக. விஜிதா படிப்பை விட்டு முருங்கனில் புடைவைக் கடையொன்றுக்கு வேலைக்குப் போனாள்.

மீன் வாங்க வந்த அயல்வீட்டு றஞ்சிதம், தெருக் கூட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாவிடம் கேட்டாள்: "புது முதலாளி எப்பிடி அக்கா?"

"ஏச மாட்டாருங்க. லீவு கேக்கத்தான் ஆளைப் புடிக்க முடியல."

சொல்லிவிட்டுப் பேச்சியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கானுக்குள் இறங்கினார்.