கீறல் விழாத ஹெல்மெட்

முனிவேலின் பேன்ட் கிழிந்த அன்றுதான், இந்த நாயையும் தன்னிடமிருந்து யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் எஸ்லினுக்குள் புகுந்தது.

மாடி வீட்டு முனிவேல் காலை ஷிப்ட் முடிந்து வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். அவன் செய்தது அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த ராகி ஒரு சத்தமும் போடாமல் பாய்ந்து, முழங்காலுக்குக் கீழே துணியைக் கவ்வி இழுத்தது. அவன் வண்டியோடு சுவரில் சாய்ந்தான். எஸ்லின் ஓடிவருவதற்குள் நாய் தானாகவே விட்டுவிட்டுத் தொட்டி மறைவுக்குப் போய், நின்ற நிலையிலேயே மூத்திரம் விட்டது. பாய்ந்த நாய்க்குத்தான் விழுந்தவனைவிட நடுக்கம் அதிகம்.

"பல்லு படலக்கா. பேன்ட்டோட போச்சி," என்று முனிவேல் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நேத்து சாயந்தரம் எங்கிட்ட பிஸ்கட் வாங்கித் தின்னுதே, அதே நாய்தானா இது?"

"மன்னிச்சிடு முனிவேலு."

"நான் மன்னிச்சிடுவன். பேன்ட்ட வாங்கிக் குடுத்த மாமியாரு மன்னிக்கணுமே."

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரம்மா சாந்தம்மா சிரிக்கவில்லை. "எஸ்லினு, இத்தனை குடித்தனம் பொழங்கற வாசலு இது. இன்னொரு தபா யார் மேலயாச்சும் பாஞ்சிச்சின்னா நாய் இங்க இருக்கக் கூடாது. உன்னப் போவச் சொல்ல மாட்டன். நாய் போயிடணும்."

"எங்கக்கா போவும்?"

"எங்க இருந்து வந்துச்சோ, அங்க."

எங்கிருந்து வந்தது என்பதைச் சாந்தம்மா பார்த்ததில்லை. எஸ்லின் பார்த்திருந்தாள். ஜூஜுவாடியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பழைய இரும்பு குடோன். கம்பெனி பஸ் நெரிசலில் தினமும் அதன் முன்னால்தான் நிற்கும். கேட்டுக்குப் பூட்டு, உள்ளே சக்கரமில்லாத ஒரு லாரி, லாரியின் அச்சில் கட்டிய நாய். நிழல் இருந்தது, சங்கிலி நிழல் வரைக்கும் எட்டாது. அது குரைத்து யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எஸ்லின் போனைப் பார்ப்பதை விட்டு நாளாகியிருந்தது. அவள் புருஷன் டேனியின் நம்பரிலிருந்து யாரோ ஒருவர், "இந்த போன்காரரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டதிலிருந்து.

பக்கத்து சீட் தேவமணியோடு ஒருநாள் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கேட்டுச் சந்தில் நுழைந்து கிட்டே போய்ப் பார்த்தால் கழுத்தில் பட்டை இல்லை, கட்டுக்கம்பி. கம்பியின் மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது. சங்கிலியைக் கழற்றி நாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதை வெட்டி எடுத்து ட்ரேயில் போட்டபோது எழுந்த சத்தத்தில் எஸ்லினுக்குப் பல் கூசியது. எதற்கென்று தெரியாமலே அந்தக் கம்பியைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தாள். கேழ்வரகு நிறத்தில் இருந்ததால் நாய்க்கு ராகி என்று பெயர் வைத்தாள்.

அப்புறம் மத்திகிரியில் அந்த ஒற்றை அறையில் பயந்துபோன இரண்டு உயிர்கள். நாய் ஒரு சுவரோடு முதுகை ஒட்டிப் படுக்கும். அவள் எதிர்ச்சுவரோடு படுப்பாள். வெளியே வண்டி வந்து நின்றால் இரண்டு தலைகளும் ஒன்றாக நிமிரும். டேனியின் வண்டிச் சத்தம் இல்லை என்று அவளுக்கு உறைப்பதற்கு ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பேன்ட் விஷயத்தைக் கேட்ட தேவமணி உடனே காரணத்தைப் பிடித்துவிட்டாள். அவள் வீட்டில் ஏற்கனவே மூன்று தெருநாய்கள்.

"ஹெல்மெட்டுடி. சும்மா வந்தா முனிவேலு கையில திங்குது, ஹெல்மெட் போட்டா பாயுது. அந்தக் குடோன்காரன் ஹெல்மெட்ட கழட்டாமயே அடிச்சிருப்பான். இதுக்கு மூஞ்சியே தெரியாது, உருண்டையா ஒரு தலதான் தெரியும். கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கலாம். சோத்தப் போட்டு, தூரத்துல ஹெல்மெட்ட வை. சாப்பிட்டா கிட்ட நகத்து. சாப்பிடலன்னா நீதான் அவசரப்பட்டிருக்கன்னு அர்த்தம். உங்க வூட்லதான் ஒரு ஹெல்மெட்..." தேவமணி வாயை மூடிக்கொண்டாள்.

இருந்தது. பரண் மேல், டேனியின் கம்பெனிப் பைக்குள். ஒரு கீறல்கூட விழாத ஹெல்மெட். வீட்டிலிருந்து கிளம்பும்போது அதை முழங்கையில் மாட்டிக்கொள்வான். அத்திப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், கர்நாடகா போலீஸ் நிற்கும் இடம் வரும்போது தலையில் போடுவான். எல்லை தாண்டித் திரும்பி இந்தப் பக்கம் வந்ததும் மறுபடி முழங்கைக்கு. அவன் மட்டுமில்லை, பாதி ஊர் அப்படித்தான். அன்றைக்கு லாரி திரும்பி அவன் வண்டியில் மோதியது இந்தப் பக்கத்தில்.

எஸ்லின் பையை இறக்கினாள். நாய் அவளைப் பார்த்தது, ஹெல்மெட்டைப் பார்த்தது, பின்னாலேயே நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "எனக்கும் அப்படித்தான் இருக்குது," என்றாள் அவள்.

வாசலின் கடைசி மூலையில் ஹெல்மெட்டை வைத்து, இந்த மூலையில் ஈரல் சோறு வைத்தாள். ராகி சாப்பிடவில்லை. ஹெல்மெட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்த பிறகுதான் தட்டில் வாய் வைத்தது, அதுவும் ஒரு கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு. அங்கிருந்து ஒவ்வொரு சாணாக நகர்ந்து ஹெல்மெட் தட்டுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது, தளி ஊர்ப் பக்கத்துக் குளிர் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. பிறகு ஹெல்மெட்டை மல்லாக்கத் திருப்பி அதற்குள்ளேயே ஈரலைப் போட்டாள். ராகி நெடுநேரம் சுற்றிவந்தது. திடீரென்று டேனியின் தலை இருக்கவேண்டிய இடத்தில் தன் தலையை விட்டு நக்கத் தொடங்கியது. எஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எடுக்கவில்லை.

தலையில் போட்டுக்கொள்வதுதான் கடைசி. கண்ணாடியை இறக்கியதும் உலகம் புகைநிறமானது. உள்ளே அவள் மூச்சே அவள் காதில் இரைந்தது. தேங்காயெண்ணெயும் வேர்வையுமாக அவன் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, தொடையில் இரண்டு தட்டுத் தட்டிக் கையை நீட்டினாள். "வா ராகி." நாய் நடுங்கிக்கொண்டே வந்து, உள்ளங்கையிலிருந்த துண்டை நாக்கால் எடுத்தது. அவள் ஹெல்மெட்டுக்குள் அழுதது யாருக்கும் தெரியவில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது.

அப்புறம் முனிவேல் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான். ராகி வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்து மூக்கை நீட்டியது.

"போன தபா பேன்ட்டு, இந்த தபா பிஸ்கட்டு. பொழைச்சே போ," என்றான் அவன். மேலேயிருந்து பார்த்த சாந்தம்மா "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் எஸ்லின் நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட் திறந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன், கண்ணாடியை இறக்கியபடி. யார் வீட்டுக்கோ வந்த ஆள் என்று நினைத்தாள். ராகி எழுந்து வாலாட்டிக்கொண்டே அவனிடம் போனது. முன்னால் உட்கார்ந்து மூக்கை நீட்டியது. அவள் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"ஏ ரெட்டா! பாரோ இல்லி!" என்று வேறு ஏதோ பெயரில், இங்கே வாடா என்று கன்னடத்தில் கூப்பிட்டது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

ராகியின் காதுகள் மண்டையோடு ஒட்டின. வால் வயிற்றுக்கடியில் போனது. அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

எஸ்லின் கையிலிருந்து அரிசி நழுவியது. அந்த நாயிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், பயம். அதுதான் அதை முன்கூட்டிப் பாய வைத்தது, கடிக்க வைத்தது. அதைத் தானே ஈரல் துண்டுகளைக் கொடுத்து, சாண் சாணாக, பொறுமையாகத் துடைத்தெடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"நான் மாதேஷ்க்கா. ஜூஜுவாடி குடோன்," என்றான் அவன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. குரலில் கோபம் இல்லை. பால் வாங்க வந்தவன் போலப் பேசினான். "கேஸு முடிஞ்சி மறுபடி தெறக்கறோம். நாய் இல்லன்னா ஒரு செப்புக் கம்பி தங்காது. டீக்கடைல சொன்னாங்க நீங்கதான்னு. பரவால்ல, சதை புடிக்க வெச்சிருக்கீங்க."

"அது வராது," என்றாள்.

"வராதா? எப்படி வருதுன்னு பாருங்க."

வண்டியிலிருந்து நைலான் கயிற்றை எடுத்துச் சுருக்குப் போட்டு, தழும்பின் மேலேயே மாட்டினான். ராகி கழுத்தைக் கொடுத்தது. இழுத்தான். அது வயிறு தரையில் தேயத் தேய, நகங்கள் சிமெண்டில் கீறக் கீறப் போனது. எஸ்லின் அன்றைக்கு அந்தப் போனைக் காதில் வைத்தபடி நின்றதுபோலவே நின்றாள். கேட் வரை போய்விட்டது.

எப்படி உள்ளே போனாள், எப்படி எடுத்தாள் என்பது பின்னால் அவளுக்கே நினைவில்லை. டேனியின் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, சுவரோரமாக ஓடி, கேட்டுக்குக் குறுக்கே நின்றாள். உள்ளே மூச்சு இரைந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. ஆனால் வெளியே நின்றவனுக்குத் தெரிந்தது உருண்டையாக ஒரு கறுப்புத் தலை மட்டும்.

தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். "வா ராகி."

நாய் ஒரு ஹெல்மெட்டைப் பார்த்தது. இன்னொரு ஹெல்மெட்டைப் பார்த்தது. பிறகு முன்னங்காலை ஊன்றி, தலையைப் பின்னால் வெடுக்கென்று இழுத்தது. சுருக்கு காதுகளை உரசிக்கொண்டு கழன்றது. ஓடிவந்து அவள் கால்களுக்கு நடுவே புகுந்தது. அதன் நடுக்கம் அவள் முழங்கால் வழியாக மேலே ஏறியது. எது தன் நடுக்கம், எது அதனுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாதேஷ் ஒரு அடி முன்னால் வைத்தான்.

"இது கழுத்துல இருந்து அறுத்த கம்பி வீட்ல இருக்குது," என்றாள் எஸ்லின். ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் வேறு யாருடையதோ போலக் கனமாக ஒலித்தது. "தோலோட அறுத்த டாக்டரும் இங்கதான் இருக்காரு. வா, ஸ்டேஷனுக்குப் போலாம். அந்தக் கம்பி என்னோடதுதான்னு அங்க வந்து சொல்லு."

"யாருப்பா அது? கேட்டுக்குள்ள யாரக் கேட்டு வந்தே?" மேலேயிருந்து சாந்தம்மா இறங்கிக்கொண்டிருந்தாள், பின்னால் லுங்கியோடு முனிவேல். "வூடு என்னுது. நாயி இந்த வூட்டு நாயி. கயித்த எடுத்துக்கிட்டு நடையக் கட்டு."

மாதேஷ் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். கயிற்றைச் சுற்றி வண்டியில் மாட்டினான். அவன் முகத்தை அவர்கள் கடைசி வரை பார்க்கவில்லை.

"சரிக்கா. கேட்டு எப்பவும் சாத்தியே இருக்காதில்ல," என்றான், சாதாரணமாக. வண்டி கிளம்பிப் போனது.

அன்று சாயந்தரம் கடைக்குப் போய் ஹெல்மெட்டோடு திரும்பிய முனிவேலைப் பார்த்து ராகி தொட்டி மறைவிலிருந்து உறுமியது. அத்தனை நாள் உழைப்பும் போய்விட்டது. ஆனால் அந்த உறுமலைக் கேட்டபோது எஸ்லினின் நெஞ்சு அடைப்பு கொஞ்சம் விட்டது. சாந்தம்மா சொன்னது ஞாபகம் வந்ததும் மறுபடி அடைத்தது. மாடியைப் பார்த்தாள்.

சாந்தம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "டேய் முனிவேலு! ஹெல்மெட்ட கேட்டுக்கு வெளிய கழட்டிட்டு வாயேன்டா. எல்லார்கிட்டயும் சொல்லிடு. அதுவும் எத்தனைதான் பழகும்?"

"நாய்க்கு ட்ரெயினிங்னு ஆரம்பிச்சி இப்ப எனக்கு ட்ரெயினிங்கா?" அவன் பின்வாங்கிக் கேட்டுக்கு வெளியே போய்க் கழற்றினான். "நாளையிலருந்து தெரு முக்குலயே கழட்டிடறன், போதுமா?"

"தெரு முக்குல வேணாம் முனிவேலு." எஸ்லின் சொன்ன வேகத்தில் அவன் சிரிப்பு நின்றது. "கேட்டு வரைக்கும் போட்டுக்கிட்டு வா."

அவள் ஹெல்மெட்டை எடுத்துப்போய் வாசலின் கடைசி மூலையில் வைத்தாள். இந்த மூலையில் சோறு வைத்தாள். ராகி வரவில்லை. தெருவில் ஏதோ ஒரு வண்டி வேகம் குறைத்தது. இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். வண்டி நிற்காமல் போகும் வரை அப்படியே இருந்தார்கள்.