பதினோரு வருஷம் ஆறாத காபி

அம்மான் நகரத்துக்குத் தெற்கே, இன்று ஃபின்ஜான் என்று பஸ் நிற்கிற குன்றில், ஒரு கோப்பைக் காபி பதினோரு வருஷம் ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்போது குன்று முழுவதும் ஹுவைமலுக்குச் சொந்தம். மனுஷனுக்கு ஒரே ஆசை: நில அளவைக்காரர்கள் வரும்போது வரைபடத்தில் குன்று தன் பெயரில் ஏறவேண்டும். அதற்காகவே, நாலு பேர் வாயில் தன் பெயர் புழங்கட்டும் என்று, வழியில் போகிறவனையெல்லாம் இழுத்து உட்காரவைத்துக் காபி ஊற்றினார்.

அப்படி உட்கார்ந்தவன் தெமிர்கான், வடக்கே மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்த செர்க்கேசிய இனத்து வண்டிக்காரன். காபியை வாங்கியவன் ஒரு வாய்கூடக் குடிக்காமல் தரையில் வைத்தான். அந்தப் பக்கத்து வழக்கப்படி, விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான், கொடுத்தால்தான் குடிப்பான். குடிக்காத கோப்பை வீட்டில் கிடந்தால் மானம் போச்சு. ஹுவைமல் மார்பைத் தட்டி, “குடிப்பா, கொடுத்தாச்சு!” என்றார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் பெரியமனுஷத்தனம் என்ன ஆவது? தெமிர்கான் கையை நீட்டினான். கோப்பை அசையவில்லை. மூன்று கோவேறு கழுதைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை.

ஹுவைமல் கிணற்றைக் கொடுத்தார். கிழக்குச் சரிவைக் கொடுத்தார். “ஐயா, நான் ஒண்ணும்...” என்று தெமிர்கான் வாயெடுத்தால், “கூச்சப்படாதே!” என்று அடக்கிவிடுவார். பாவம் வண்டிக்காரன், வந்த நிலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மாமன் மச்சானையெல்லாம் குடியேற்றினான். ரொட்டிக்கடை வந்தது, பள்ளிவாசல் வந்தது. வீடு எங்கே என்று கேட்டால், “கோப்பைக்குப் பக்கத்தில்” என்றார்கள். பதினோராம் வருஷம் ஹுவைமலுக்கு மிச்சம், கோப்பைக்கு அடியில் ஒரு கம்பளம் விரிக்கிற இடம்தான்.

அவர் மனைவி வத்ஹாவுக்குப் பொறுக்கவில்லை; தெமிர்கானிடமே கேட்டாள். “ஏம்ப்பா, உனக்கு என்னதான் வேணும்? வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!”

“பல்வலிம்மா. கொஞ்சம் ஆறட்டும்னு வெச்சேன்.”

வத்ஹா புருஷன் பக்கம் திரும்பினாள். “குன்றையே குடுத்தீங்களே, ஒரு நிமிஷம் காதக் குடுத்தீங்களா?”

“சரி, ஆறட்டும்” என்றார் ஹுவைமல். காபி ஆறியது. தெமிர்கான் ஒரே மடக்கில் குடித்தான். வலித்த பல் எப்போதோ விழுந்திருந்தது.

மறுவாரமே அளவைக்காரர்கள் வந்து ஊர்ப் பெயர் கேட்டார்கள். ஊரே ஒன்றாக, “ஃபின்ஜான்!” என்றது. அரபியில் கோப்பை, வேறென்ன? எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஹுவைமல் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தெமிர்கான் வீட்டுக்குப் போனார்; அவன் ஊற்றிய காபியை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார்.

தெமிர்கானுக்கு என்னவென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. “குடிங்க ஷேக், கொடுத்தாச்சு.”

ஊர்ப் பெயரை ஹுவைமல் பெயருக்கு மாற்ற அவன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். இப்போது அவன் மகன் நடக்கிறான். பெயர் மாறவில்லை, அந்தக் காபியும் ஆறவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் குளிர்காய்ந்துகொள்கிறார்கள்.