டைரியில் இரண்டு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஐந்து நிமிஷம் தாமதமானால்கூட அப்படியே எழுதிக்கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு வருவார். அந்த மனுஷன்தான் இன்று காலை ஆஸ்பத்திரியில் தினமும் எழுதக் கொடுத்த டைரியில் 'வயிற்றுப்போக்கு: 2' என்று எழுதினார். பொய்யிலும் கஞ்சம். நேற்று நான் எண்ணியது ஒன்பது. கடைசியில் ரத்தமும் இருந்தது. கழுவிவிட்டவள் நான்.

"ஏங்க, டாக்டர்கிட்ட சொல்லிடலாங்க."

"வாயத் திறந்தே, அவ்வளவுதான். மருந்த நிறுத்திடுவாங்க. அப்புறம் எனக்கு என்னடி இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல் வரை போய்விட்டது. மற்ற மருந்தெல்லாம் பார்த்தாயிற்று. இது மனிதர்களுக்கு இப்போதுதான் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கிற ஊசி. டாக்டர் அன்றைக்கே சொன்னார்: "உடம்போட எதிர்ப்புச் சக்திங்கிற காவல் நாயை அவுத்துவிடுறோம்மா. திருடனைக் கடிக்கணும். சில சமயம் வீட்டு ஆளையே குதறிடும். வயித்தால போனா உடனே போன் பண்ணுங்க." ஊசியின் அளவைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். இந்த அளவில் இவர்தான் முதல் ஆள். இரண்டு வாரம் இவர் நன்றாக இருந்தால்தான் அடுத்தவருக்கு.

இன்று பதினான்காம் நாள். இவரைப் பரிசோதனைக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பெண். அவளுக்கு அந்தப்புறம் சக்கர நாற்காலியில் எலும்பும் தோலுமாக அவள் அண்ணன்.

"அக்கா, இந்த ஊசி போட்டுக்கிட்டவர் உங்க வீட்டுக்காரர்தானே? யாரும் சொல்லல, நானாத்தான் யூகிச்சேன். அவருக்கு ஒண்ணும் ஆகலேன்னா நாளைக்கு எங்க அண்ணனுக்கு. நல்லாத்தானே இருக்கார்?"

"ம்" என்றேன்.

"அண்ணா, அவருக்கு ஒண்ணும் இல்லையாம்!"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். என் ஒரு 'ம்'மை நம்பி அதே ஊசியை இவன் கையிலும் ஏற்றுவார்கள். எழுந்து உள்ளே ஓடினேன்.

நர்ஸ் டைரியைப் பார்த்து, "பரவாயில்லையே, ரெண்டுதானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்பதும்மா. ரத்தமும் போச்சு."

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்து, "போச்சு" என்றார். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். வயிற்றை அழுத்தினார். இவர் அலறினார். படுக்கவைத்து, அந்த நாயைக் கட்டிப்போட ஸ்டீராய்டு ஏற்றினார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா குடலே ஓட்டையாயிருக்கும்" என்றார் டாக்டர். நர்ஸ் போனில் யாரிடமோ நாளைய ஊசியை நிறுத்தச் சொன்னாள்.

வெளியே வந்தேன். அந்தப் பெண் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"என்னக்கா, எல்லாரும் ஓடுறாங்க? நாளைக்கு அண்ணனுக்கு உண்டுல்ல?"

"இல்லம்மா. அவருக்கு ரொம்ப முடியல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். இப்பத்தான் அவங்ககிட்ட உண்மையச் சொன்னேன்."

அண்ணன் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தான்.

"நாளைக்குச் சொல்லியிருக்கலாமேக்கா. நான் போட்டுக்கிட்டப்புறம்."